எழுநூற்று இருபதா, நூற்று இருபதா?

முதலாளியின் பூட்டு நம்பர் என் மருமகளுக்கு எப்படித் தெரிந்தது என்று வாயைப் பொத்திச் சிரிக்கிறாளே அந்த எதிர்வீட்டுக்காரி, தெரியாததால்தானடி எண்பத்து நாலு தடவை அமுக்கினாள்! தெரிந்தவள் ஒரே தடவையில் திறந்துவிட்டுப் போயிருக்க மாட்டாளா? பட்டறையிலிருந்து துரத்திவிட்டார்களாம், அதுவும் சொல்கிறாள். நடந்தது இதுதான்.

குடைப் பட்டறையில் ஒன்பது வருஷமாகக் கம்பி கோர்த்தவள் என் மருமகள். அன்றைக்குச் சரக்கு அறையைப் பெருக்கப்போன ஆயா உள்ளே மாட்டிக்கொண்டாள். இரும்புக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது, உள்பக்கக் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. ஆயாவுக்கு இளைப்பு வேறு. காலையில் அறையைத் திறந்து வைத்துவிட்டு வெளியூர் போன முதலாளி போனை எடுக்கவில்லை. வெளிப்பக்கப் பூட்டில் சைபர் முதல் ஒன்பது வரை பத்துப் பொத்தான். மூன்றை அமுக்கிப் பிடியைத் திருப்ப வேண்டும். எந்த மூன்று? அது முதலாளிக்கு மட்டும்தான் தெரியும்.

மேஸ்திரி விரலை மடக்கினார். "பத்து, ஒன்பது, எட்டுன்னு பெருக்கினா எழுநூத்தி இருபது விதம்மா. ஆயா தாங்காது."

இவள் மூன்றை அமுக்கிப் பார்த்தாள். "அமுக்கினது அப்படியே உள்ள நிக்குதுண்ணே. எது முதல்ல போச்சுன்னு பூட்டுக்கு எப்படித் தெரியும்? மூணு பேரை ஆறு விதமா வரிசையில நிறுத்தலாம். ஆளு அதே மூணு பேருதானே? நீங்க ஒண்ணையே ஆறா எண்ணுறீங்க. நூத்தி இருபதுதான். நான் அமுக்குறேன், நீங்க எண்ணுங்க."

கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. வியர்த்துக் கொட்டிய ஆயாவை இவள்தான் தாங்கிப் பிடித்தாள்.

மறுநாள் முதலாளி அத்தனை பேர் முன்னால் நிறுத்திக் கேட்டார். "எழுநூத்தி இருபதுல கால் மணி நேரத்துல எப்படிம்மா கிடைக்கும்? நம்பர் யார் சொன்னா? சொல்லு, இல்லைன்னா இன்னையோட வேலை கிடையாது."

"உங்க நம்பரைத் தலைகீழா அமுக்குங்க சார்."

"தலைகீழா அமுக்கினா எப்படித் திறக்கும்?"

"அமுக்குங்க."

அமுக்கினார். திறந்தது. பத்து வருஷமாகத் தினமும் அமுக்குகிற மனுஷன், சாத்திவிட்டு இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"சரி சரி, போய் வேலையைப் பாரும்மா."

"ஒவ்வொரு நம்பரையும் ஆறு தடவை எண்ணினீங்க சார். என்னை ஒரு தடவை நம்பியிருக்கலாம்."

சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், முன்வாசல் வழியாக, நிமிர்ந்து நடந்து வெளியே வந்தாள்.