நாற்பத்தைந்துக்கு மேல் போகாத வண்டி

எங்கள் லா வெர்ன் ஊரில் பஸ் கிடையாது, கடை கிடையாது. கல்லறைத் தோட்டம் மட்டும் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. அந்த ஒரு வசதியில் பாரிஸையே தோற்கடித்துவிட்டோம். இப்படிப்பட்ட ஊரைத் தேடிப்பிடித்து வீடு வாங்கியவர்கள் இங்கிலாந்துக்காரர் கிளைவும் அவர் மனைவி மோரீனும்.

கிளைவுக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் இல்லை. நாங்கள் ஓக் விறகை வெட்டி இரண்டு கோடை காயவிட்டுத்தான் எரிப்போம். அவர் மலிவு என்று பச்சை விறகாக ஒரு மலை வாங்கிப் போட்டார். அடுப்பில் வைத்தால் விறகு எரியவில்லை, அழுதது. வீட்டுக்குள் எழுந்த புகையில் ஒரு முழுப் பன்றியைத் தொங்கவிட்டிருந்தால் மாலைக்குள் ஹாம் ஆகியிருக்கும். புகைபோக்கி துடைக்க ஆள் கூப்பிடுங்கள் என்று சொன்னோம். மனிதர் தானே கூரைமேல் ஏறினார். ஏறும்போது ஏணி வைத்துத்தான் ஏறினார். இறங்கும்போது ஏணி தேவைப்படவில்லை. இடுப்பெலும்பு போயிற்று. வசந்தம் வரைக்கும் காரைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மோரீனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாழ்நாள் முழுக்க லீட்ஸ் நகரத்தில், வாசலிலேயே பஸ் நிற்கிற தெருவில் இருந்தவர். பள்ளிக்கூட கேண்டீனில் முந்நூறு பிள்ளைகளுக்குக் கத்திக் கத்திச் சோறு போட்டவர். இங்கே கத்தினால் மாடுதான் திரும்பிப் பார்க்கும். வாரத்துக்கு இரண்டு தடவை ரொட்டி வேன் வரும். அது வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மோரீன் மதாம் வேலிக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

“என்ன மதாம், வேனைப் பாக்க நிக்கிறீங்களா, வேன்காரனைப் பாக்கவா?” என்று சீண்டினேன்.

“யாராவது ஒரு மனுஷ முகத்தைப் பாக்க, ஃபிர்மேன். உங்க முகத்தைக் கணக்குல சேத்துக்கல.”

அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆனால் சிரித்த அந்த வாய் வேன் போனதும் கோணிக்கொண்டது. “ஃபிர்மேன், நான் திரும்பிப் போகணும். வீட்டை வித்தா யாரும் வாங்க மாட்டேங்கறான். அவரோ இங்கதான் சாவேங்கறார். ரயிலாவது இருக்கா?”

ரயில் நிலையம் இருந்தது. இப்போது அதில் பல் டாக்டர் குடியிருக்கிறார்.

என்னிடம் ஒரு வண்டி உண்டு. லைசென்ஸ் தேவைப்படாத குட்டி வண்டி. நாற்பத்தைந்துக்கு மேல் போகாது. மேட்டில் நத்தை முந்திக்கொண்டு போகும்போது மரியாதைக்கு வணக்கம் வைக்கும். எங்கள் பக்கத்தில் இதை யார் ஓட்டுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸைப் பறிகொடுத்தவர்கள்தான். காட்டுப்பன்றி வேட்டை விருந்து முடிந்து வீட்டுக்குப் போனபோது என்னுடையதும் போயிற்று. பக்கத்து டவுனில் வியாழக்கிழமை சந்தை நாள். அன்றைக்கு எப்படியும் நான் அங்கே மதுக்கடையில்தான் கிடப்பேன். “என்னை அங்க இறக்கிவிட்டுட்டு நீங்க வண்டியை எடுத்துக்குங்க” என்றேன்.

கிளைவ் கட்டிலில் இருந்தே குதித்தார். “குடிகாரன் வண்டியில என் பொண்டாட்டியா? ஊர் என்ன சொல்லும்?”

“ஊரு எங்க இருக்கு கிளைவ்? எனக்குக் காட்டு, பாப்போம்” என்றார் மதாம்.

என் பட்டாணி வயலில்தான் ஓட்டிப் பழகினார். அந்த வருஷம் எனக்குப் பட்டாணி விளையவில்லை.

முதல் வியாழன் சந்தையில் வண்டியை விட்டு மதாம் இறங்கியதும் ஊரே பார்த்தது. வந்த நாளிலிருந்து தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போன ஜனங்கள், சிரித்துக்கொண்டே அருகில் வந்தார்கள். மதுக்கடைக்காரி சொலாஞ்ச் தோளில் தட்டினாள்.

“உங்களுக்கும் பிடுங்கிட்டாங்களா மதாம்? எவ்வளவு நாளைக்கு?”

“எனக்கு லைசென்ஸே இருந்ததில்லையே.”

“அடேயப்பா! லைசென்ஸே இல்லாம குடிச்சுட்டு ஓட்டினீங்களா!” கடையே எழுந்து நின்று கை தட்டியது. ஒருத்தர் விருந்துக்கென்று வைத்திருந்த விலை உயர்ந்த வாத்துக்கல்லீரலைக் கொடுத்தார். நான் அதைத் திருத்தப் போகவில்லை. இவ்வளவு நல்ல பெயர் எனக்கே கிடைத்ததில்லை.

சரி, மதாம் தேறிவிட்டார் என்று நினைத்தேன். மூன்றாவது வியாழன் சந்தைப் பக்கம் திரும்பாமல் நேரே போனார்.

“மதாம், கடை அந்தப் பக்கம்.”

“தெரியும்.”

பின்னால் திரும்பிப் பார்த்தேன். காய்கறிக் கூடை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பயணப் பெட்டி. எனக்குத் தாகமே போய்விட்டது. நான் இங்கிலாந்துக்குக் கடத்தப்படுகிறேன், அதுவும் காலை ஒயின்கூடக் குடிக்காமல்!

விரைவுச்சாலை ஆரம்பிக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தினார். “இது கடல் வரைக்கும் போகுதா?”

“கடலுக்குப் போற வழிதான் மதாம். ஆனா அந்தப் பலகையைப் பாருங்க. நம்ம வண்டிக்கு இதுல அனுமதி இல்ல. லாரிக்காரன் நம்மளைக் கொசுவாட்டம் கண்ணாடியில ஒட்டிக்கிட்டுப் போயிடுவான்.”

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அப்புறம் இன்னொன்று. மதாம் அசையவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தச் சாலையில் போகிற கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் இறங்கி லாரிகளைக் கை காட்டி ஒதுக்கிவிட்டு, வண்டியைப் பின்னுக்குத் தள்ளினேன். கைக்குழந்தை வண்டியைத் தள்ளுகிற கனம்தான்.

திரும்புகிற வழியில் கேட்டார். “சின்ன ரோட்டு வழியா போகலாமா, ஃபிர்மேன்?”

“போகலாம். ஊர் ஊரா. போய்ச் சேரும்போது உங்க ராணியோட கொள்ளுப்பேத்தி ராணியாகியிருப்பா.”

மதாம் சிரிக்கவில்லை. “வழி சொல்லிக்குடுங்க.”

சொல்லிக்கொடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழனும் என்னைக் கடையில் இறக்கிவிட்டு வடக்கே, கடல் பக்கமாக ஓட்டுகிறார். போன தடவை போனதற்கு அடுத்த ஊர் வரைக்கும். பெட்டி பின்னாலேயே இருக்கிறது. கிளைவுக்கு மத்தியான மாத்திரை கொடுக்க வீடு போய்ச் சேரவேண்டிய நேரம் பார்த்து, எந்த ஊரில் இருந்தாலும் வண்டியைத் திருப்பிவிடுகிறார். போகிற ஊர் தள்ளிப்போகப் போக, முந்தின வாரத்தைவிடச் சீக்கிரமாகக் கிளம்ப வேண்டியிருக்கிறது. நேற்று விடியும் முன்பே வந்து என் ஜன்னலைத் தட்டினார்.

கிளைவ் கேட்கிறாராம், சந்தைக்குப் போய்வர ஏன் இவ்வளவு நேரம் என்று.

“நாற்பத்தைஞ்சுக்கு மேல போகாது கிளைவ். நான் என்ன செய்ய?” என்கிறாராம் மதாம்.