கடல் உள்வாங்கிய காட்சி

என் மகள் யூகேஜி படிக்கிறாள். அவள் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக ஒரு கார்ட்டூன் படத்தைப் பற்றிச் சண்டை நடந்தது. கூட்டத்தை விட்டுப் பிரிந்த குட்டி நண்டு ஒன்று கடலடியில் வழி தேடி அலையும் கதை. "சின்னப் பசங்களக் கூட்டிட்டுப் போவாதீங்க. எம் பையன் லைட்ட அணைக்க வுட மாட்டேங்குறான்" என்று ஒருத்தி குரல் பதிவு போட்டிருந்தாள். "இதுல இன்னா பயம்? நாமெல்லாம் பேய்ப் படம் பாத்து வளரலியா?" என்று இன்னொருத்தி எழுதியிருந்தாள்.

மகள் தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்களாம். மருந்துக் கம்பெனியில் என்னோடு பேக்கிங் செய்யும் அக்கா தன் பிள்ளைகளோடு போய்வந்திருந்தாள். எந்த இடத்தில் பயமாக இருக்கும் என்று அவளிடம் விசாரித்தேன். "எடவேளைக்கு முன்னாடி ஒரு குருட்டு விலாங்கு வரும். பல்லு நெறய. அப்ப மட்டும் கண்ணப் பொத்திடு" என்றாள். இடைவேளைக்குப் பின் வரும் பெரிய அலையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அது பயமாகத் தெரிந்திருக்காது.

கணவருக்கு வயரிங் வேலை. அந்தச் சனிக்கிழமையும் அவருக்கு வேலை இருந்ததால், கருவடிக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மதியக் காட்சிக்குப் போனோம். த்ரீடி படம் என்பதால் வாசலில் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். மகளின் காதில் அது நிற்கவில்லை. ரப்பர் பேண்டு மாட்டி விட்டேன்.

விலாங்கு வந்ததும் கையைத் தயாராக அவள் முகத்தருகே கொண்டுபோனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "அம்மா, அது பல்லே வெளக்கல" என்று சிரித்தாள். பின் வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. என் மகள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி பாப்கார்ன் தின்ன ஆரம்பித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. குழுவில் எழுதியவர்கள் வீணாகப் பயமுறுத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் நண்டு கரைக்கு வந்தது. நல்ல வெயில், மஞ்சள் மணல். கடல் மெதுவாகப் பின்னால் போக ஆரம்பித்தது. தண்ணீர் இருந்த இடத்தில் ஈர மணலும் பாறையும் தெரிந்தன. மீன்கள் துள்ளின. அரங்கம் முழுக்கப் பிள்ளைகள் கைதட்டினார்கள். என் மகளும் தட்டினாள்.

அடுத்து வரப்போவது அந்த அரங்கில் எனக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரிந்திருக்காது.

நான் கடலோரத்து வீராம்பட்டினத்தில் பிறந்தவள். கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒன்பது வயது. அன்று காலையிலும் கடல் இப்படித்தான் உள்ளே போயிற்று. துள்ளிக்கொண்டு கிடந்த மீன்களைப் பொறுக்க நாங்கள் சிரித்துக்கொண்டே ஓடினோம். அம்மா இடுப்பில் தம்பியோடு கரையில் நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அந்தச் சத்தம் வந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது அம்மாவின் முதுகுதான் தெரிந்தது. தம்பியை இறுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தாள். நான் விழுந்தேன். யாரோ ஒரு ஆள் என் கவுனைப் பிடித்துத் தூக்கி ஒரு மாடிப்படியில் எறிந்தார். அவர் முகம் எனக்கு நினைவில்லை. மத்தியானம் ரோட்டில் அம்மா என்னைக் கண்டுபிடித்து, "எங்கடி போன?" என்று முதுகில் அறைந்துவிட்டு அழுதாள்.

எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. அதனால் பயந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம். கணவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. பீச் ரோட்டுக்குப் போனால் கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருவேன், அவ்வளவுதான்.

திரையில் அலை எழுந்தது. அந்தக் கண்ணாடியில் அது திரையைத் தாண்டி எங்கள் தலைக்கு மேலே வந்தது. சத்தம் நாற்காலி வழியாக முதுகில் ஏறியது. அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்பது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. யாருடைய காலையோ மிதித்தேன். ஒரு கதவு. படிகள். பிறகு வெளிச்சம். வண்டிகள் நிறுத்துமிடத்தில் இரண்டு பைக்குகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி இன்னும் முகத்தில் இருந்தது.

வாட்ச்மேன் வந்தார். "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?"

தலையை ஆட்டினேன்.

"பாப்பாவோட வந்தியே? பாப்பா எங்க?"

அந்தக் கேள்விக்கு முன்னால் அலைக்குப் பயந்தது ஒன்றுமே இல்லை. எழுந்து ஓடினேன். படியில் முட்டி இடித்தது. கதவைத் திறந்ததும் இருட்டு. தண்ணீர்ச் சத்தம் இன்னும் ஓயவில்லை. அந்தச் சத்தத்துக்குள் நான் இறங்கிப் போக வேண்டியிருந்தது. எங்கள் வரிசை எது என்று மறந்துவிட்டது. "பாப்பா! பாப்பா!" என்று கத்தினேன். பத்து இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். எல்லார் முகத்திலும் அதே கறுப்புக் கண்ணாடி. எல்லாக் கண்ணாடியிலும் அலை நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் எது என் குழந்தை என்று எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை.

செல்போன் விளக்கைப் போட்டு வரிசை வரிசையாகப் பார்த்தேன். "உக்காரும்மா, மறைக்குது" என்று யாரோ அதட்டினார்கள். கடைசியில் எங்கள் பாப்கார்ன் டப்பா தெரிந்தது. இரண்டு நாற்காலியும் காலியாக இருந்தன.

பக்கத்திலிருந்த பெண், "ஒன்னத் தேடிக்கினுதான் போச்சும்மா. நான் புடிச்சிப் பாத்தேன், அம்மா வெளிய இருக்குதுன்னு சொல்லிட்டுப் பூட்ச்சு" என்றாள். அவள் கை காட்டியது நான் போகாத கதவை. அந்தப் பக்கப் படி நேராக ரோட்டில் இறங்கும்.

ரோட்டில் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் போய்க்கொண்டிருந்தன. இடது பக்கம் ஓடினேன், பிறகு வலது பக்கம். பழச்சாற்றுக் கடைக்காரரிடம் கேட்டேன். ஐந்து வயது, ரோஸ் கவுன் என்று சொல்ல வந்தேன், வாயில் வார்த்தை சேரவில்லை. ஒரு பஸ் பிரேக் போட்ட சத்தத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்க்கத் தைரியம் வர எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது.

"எம்மா! இங்க வா, பாப்பா இங்க இருக்குது!" வாட்ச்மேன் மாடியிலிருந்து குரல் கொடுத்தார்.

படி இறங்குவதற்கு முன்பே இருந்த பெண்கள் கழிவறையில் இருந்தாள். நான் ஒன்றுக்குப் போயிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டி, "அம்மா, உள்ள இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி விட்டிருந்தாள். நான் போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "எங்கடி போன?" என்று கத்தினேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு அடி பின்னால் போனாள். அப்புறம்தான் அழுதாள். மூத்திரம் கவுனை நனைத்துத் தரையில் வழிந்தது. விலாங்குக்குச் சிரித்த குழந்தை.

அவளைக் கழுவிவிட்டு, என் துப்பட்டாவைச் சுற்றி, வெளியே பெஞ்சில் மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நீ ஏம்மா போன?" என்று கேட்டாள்.

"அந்தத் தண்ணி வந்துச்சுல்ல, அதுக்குப் பயந்துட்டேன்."

"அது நெசத் தண்ணி இல்லம்மா. கண்ணாடியக் கழட்டிட்டா வராது."

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தில் தொடங்கி ஒன்பது வயது வரை போய்ச் சேர்ந்தேன். "இத்தினி வருசம் சொல்லவே இல்லியே" என்று கேட்டார். பிறகு, "தெரிஞ்சிருந்தா நானே கூட்டினு போயிருப்பேன்" என்றார்.

மறுநாள் அம்மாவுக்குப் போன் செய்தேன். அவள் இன்னும் வீராம்பட்டினத்தில்தான் மீன் விற்கிறாள். பாப்பாவைத் தியேட்டரில் விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன் என்றேன். அப்படியே, இத்தனை வருடம் கேட்காததையும் கேட்டுவிட்டேன். "அன்னிக்கி ஓடும்போது என்னத் தேடுனியாம்மா?"

அந்தப் பக்கம் மீன் கேட்டு யாரோ பேரம் பேசுவது கேட்டது. "ஆளு நிக்குது, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துச் சங்கரா மீனோடு பஸ் ஏறி வந்தாள். மீனை ஆய்ந்தாள், குழம்பு வைத்தாள், பேத்திக்கு முள் எடுத்து ஊட்டினாள். அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் வந்து நின்ற பிறகு, படியில் கால் வைத்துக்கொண்டே, "நீ எனக்கு முன்னாடி ஓடிட்டன்னு நெனச்சேண்டி" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. கூடையை ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அது நிஜமா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் இப்போது தெரியுமா என்பது சந்தேகம்தான். நான் மறுபடி கேட்கப் போவதில்லை.

மகள் அந்தப் படத்தின் முடிவை அப்பாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நண்டு கூட்டத்தோடு சேர்ந்துவிட்டதாம். அவளுக்கு விலாங்குக்கும் பயமில்லை, அலைக்கும் பயமில்லை. ஆனால் இப்போதெல்லாம் நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே வந்து உட்கார்ந்துகொள்கிறாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தட்டுகிறாள். "இருக்கேன்டா" என்று நான் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சோப்பு கண்ணில் இறங்கினாலும் கொடுக்கிறேன்.