மங்க மறுத்த விளக்கு

பூந்தமல்லியில் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்த்த பரந்தாமனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதுவும் அந்த யுத்த காலத்தில், திருவேற்காட்டு அரிசி மில்காரரின் டிரைவர் துலுக்கானம் சனிக்கிழமை தவறாமல் வந்து நின்றால் வராமல் என்ன செய்யும்?

புகார் ஒன்றேதான். டாஷ்போர்டில் எரியும் சின்ன விளக்கு. அதன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க டிம்மர் என்று ஒரு குமிழ். இருட்டடிப்பு உத்தரவு இருந்ததால், காருக்குள் பளிச்சென்று விளக்கெரிந்தால் போலீஸ் பிடிக்கும். அணைத்து ஓட்டினாலோ, பெட்ரோல் முள் தெரியவில்லை என்று முதலாளி கத்துவார். துலுக்கானம் குறைக்க மறந்து ஏற்கெனவே ஒரு தரம் பிடிபட்டவன். இன்னொரு தரம் மாட்டினால் லைசென்ஸ் போய்விடும்.

"இன்னாயா, மறுபடியுமா?"

"கொறைச்சா அணைஞ்சி பூடுது அண்ணாத்தே."

பரந்தாமன் வழக்கம்போல் குமிழைக் கடைசிவரை ஒரே திருப்பாகத் திருப்பினான். விளக்கு ஜோராக எரிந்தது. "எரியுதே. இன்னும் இன்னா வேணும் உனக்கு?"

துலுக்கானம் நகரவில்லை. "சாயங்காலம் மொதலாளிய பட்டணத்துக்கு இட்டுகினு போவணும். லைசென்ஸ் பூட்டா என் ஊட்ல அடுப்பு எரியாது அண்ணாத்தே."

சனியன் விடாது போலிருக்கிறதே என்று முனகியபடி, பரந்தாமன் இந்த முறை குமிழை மெதுவாகத் திருப்பிக் குறைத்தான். கொஞ்சம் குறைத்ததுமே விளக்கு செத்தது. பல்பைக் கழற்றிப் பார்த்தான், நன்றாக இருந்தது. ஒயரை இழுத்துப் பார்த்தான், எர்த் ஒயர் பாடியில் தொடும் இடத்தைச் சுரண்டினான். எழவு, எல்லாம் சரி. கடைசியில் டிம்மரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தான். விளக்கு எரிந்தது. கோளாறு டிம்மருக்குள்தான். இத்தனை வாரமும் முழு வெளிச்சத்தை மட்டும் பார்த்துவிட்டுத் துரத்தியதை நினைக்க அவனுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

திறந்தால், உள்ளே கம்பிச்சுருள்மேல், முழு வெளிச்ச முனை தவிர மற்ற இடமெல்லாம், மஞ்சளாக ஏதோ காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. மோந்து பார்த்தான். சந்தனம். குமிழின் தண்டு வழியாக ஒழுகியிருக்கிறது.

"வெள்ளிக்கெயம வண்டிக்குப் பொட்டு வெக்கிற, சரி. ஸ்டேரிங்குல வை, வேணாங்கல. இதுல எந்த மடையன்யா வெப்பான்? அப்புறம் கரண்டு எப்புடிப் போவும்?"

திட்டிக்கொண்டே பெட்ரோல் துணியால் சுருளைத் துடைத்து மாட்டினான். குமிழைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் அடங்கி, முள் மட்டும் தெரிகிற அளவில் நின்றது. துலுக்கானம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது.

"மொதல்ல எல்லாத்துலயும் சின்னதா ஒரு பொட்டுதான் வெப்பேன் அண்ணாத்தே. போலீஸ் புடிச்சப்புறம், லைசென்ஸ் நிக்கணும்னு வேண்டிகினு இதுக்கு மட்டும் நெறைய அப்பினேன்."