யாசருக்கு ஒரு கையெழுத்து

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் ஆட்டிறைச்சி விற்கும் ரவூப் பாய்க்கு இரண்டு பிடிவாதங்கள். நாம் கேட்கும் துண்டை வெட்டித் தரமாட்டார், தனக்குச் சரியென்று பட்டதைத்தான் தருவார். இன்னொன்று, யாசர் என்கிற மலாய்க்காரர் ஒருநாள் நாடாளுமன்றத்துக்குப் போய்விடுவார் என்ற நம்பிக்கை.

யாசர் வாத்தியார் வேலையை விட்டுவிட்டுச் சின்னதாக ஒரு கட்சி தொடங்கியவர். ஒரே தொகுதியில் நான்கு முறை நின்று நான்கு முறையும் தோற்றார். ஒவ்வொரு முறையும் அவரை முன்மொழிந்தது பாய்தான்.

பக்கத்துக் கடையில் காய்கறி விற்கும் நான் விடுவேனா? "இந்தத் தடவையும் தோக்க ரெடியா, பாய்?"

"வாயை மூடிட்டுக் கீரையை வில்லுலா!"

எழுபது வயதாகிவிட்டது, இதுதான் கடைசி என்று யாசர் இந்த முறை சொல்லிவிட்டார். வேட்புமனுத் தாக்கலன்று என் வேனில்தான் எல்லோரும் போனோம்.

பெயர்களைச் சரிபார்த்த அதிகாரி பாயின் பெயரில் நிறுத்தினார். தொகுதி எல்லையை மாற்றியதில் பாய் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக் பக்கத்துத் தொகுதிக்குப் போயிருந்தது. அதே வீட்டில் எத்தனையோ வருடமாக இருப்பவருக்கு, அதைச் சரிபார்க்க வேண்டுமென்று தோன்றவே இல்லை. யாசர் நிற்கும் தொகுதியின் வாக்காளர்தான் அவரை முன்மொழியலாம். நண்பகலுக்குள் வேறு ஆள் கிடைக்காவிட்டால் மற்ற வேட்பாளர் போட்டியின்றி வென்றுவிடுவார். கொடி பிடிக்க வந்த நாங்களெல்லாம் வெளித்தொகுதிக்காரர்கள்.

பாய்க்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பிறகு, எதிரணிக் கூட்டத்தைப் பார்த்தார். அங்கே அவர்களுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாள் அவர் மகள் அஃப்னா. கல்யாணமாகி இந்தத் தொகுதிக்கு வந்தவள், அவர்களுடைய தொண்டர்.

யாசர் புரிந்துகொண்டார். "அவளைக் கேக்காதீங்க, ரவூப்," என்று மலாயில் தடுத்தார். "அங்க அவ பேர் கெட்டுப்போகும். நான் வீட்டுக்குப் போறேன்."

பாய் அசையாமல் நின்றார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் அறைந்திருப்பேன். கடைசியில் பாய் மகளை நோக்கி நடந்தார், நானும் பின்னால் போனேன்.

விஷயத்தைக் கேட்டதும் அஃப்னா குரலைத் தாழ்த்தினாள். "எங்க ஆளுங்க முன்னாடியா, வாப்பா?"

"உன் இஷ்டம்மா. வரலைன்னா கோவிச்சுக்க மாட்டேன்."

அவள் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தாள். "ஆறு மாசமா வீடு வீடா ஏறி இறங்கியிருக்கேன். போட்டியே இல்லாம ஜெயிக்கவா? ஆனா அவருக்கு ஓட்டுப் போட மாட்டேன், சொல்லிட்டேன்."

"போடாதேலா. சீக்கிரம் வா."

அந்தச் சட்டையோடேயே உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள். நேரம் முடியும் தறுவாயில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். "தெரிமா காசே" என்று யாசர் அவளுக்கு மலாயில் நன்றி சொன்னார்.

அஃப்னா தன் கூட்டத்துக்குத் திரும்பிப் போனாள். ஒருவரும் திட்டவில்லை. ஆனால் அவளுக்கு இடம்விட்டு ஒருவரும் நகரவுமில்லை. கூட்டத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே வெயிலில் தனியாக நின்றாள்.

மேடையில் யாசரின் பெயரை அறிவித்தார்கள். எங்கள் ஆட்கள் ஆரவாரம் செய்தார்கள். நான்கு தேர்தலிலும் முதல் ஆளாகக் கைதட்டிய ரவூப் பாய் அன்று தட்டவில்லை. மேடைக்கு முதுகைக் காட்டி, மகள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.