ஒற்றை விரல் பிரேக்

என் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் மிஷின் மெக்கானிக். எந்த ஆபீஸில் காகிதம் சிக்கினாலும் இவருக்குத்தான் போன் வரும். மகா சுத்தக்காரர். கல்யாணமான புதிதில், நான் துடைத்து வைத்த அடுப்பு மேடையை மறுபடி துடைத்துக் காட்டிய மனுஷன். எனக்கு வந்த கோபம் எனக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் வீடு திரும்பினால் கம்ப்யூட்டர்தான் கதி. பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று. அதில் வெளியாட்கள் எழுதிச் சேர்க்கும் நிரலுக்கு மோட் என்று பெயர். இவர் எழுதிய மோடை ஆயிரம் பேர் வைத்திருந்தார்கள்.

அவர்களில் ஒருவரை மட்டும் எனக்கும் பிடிக்கும். ஆந்தை என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். தசை நோயில் படுத்த படுக்கை. அசைவது ஒரே ஒரு விரல். அவருக்காக நாலு வருஷத்துக்கு முன்னால் இவர் ஒரு துண்டு நிரல் எழுதி மோடில் சேர்த்தார். பொத்தானைத் தட்டினால் பஸ் கிளம்பும், அது விளையாட்டிலேயே உண்டு; அதையே அழுத்திப் பிடித்தால் நிற்கும், அது இந்தத் துண்டின் வேலை. வளைவுகளை விளையாட்டே பார்த்துக்கொள்ளும். "இன்னைக்குக் கடைசி ஸ்டாப் வரைக்கும் போனேன் அண்ணா" என்று ஆந்தை எழுதினால், இவர் சமையலறைக்கே வந்து படித்துக் காட்டுவார்.

போன மாதம் இவர் ஒரு கருவியை இறக்கினார். நிரலை வரிவரியாகப் படித்துக் குறை சொல்லுமாம். "அதுக்குத்தான் உங்க அம்மா இருக்காங்களே" என்றேன். சிரிக்கவில்லை. திரையில் குறைக்கு ஒன்றாக நாற்பத்து மூன்று மஞ்சள் கோடுகள். ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தவர் கடைசிக் கோட்டில் நின்றார்.

"இந்தத் துண்டு நிரலை யாருமே கூப்பிடலை, வேலை வாங்கலைங்குது. நானும் மோட் முழுக்கத் தேடிட்டேன். எதுக்கு எழுதினேன்னே ஞாபகம் வரல."

"யாரும் கூப்பிடலைன்னா தூக்கிப் போட வேண்டியதுதானே. குப்பையை எதுக்கு வச்சிருக்கீங்க?"

என் நாக்கில் சனி. தூக்கிப் போட்டார். இரண்டு கையாலும் ஓட்டிப் பார்த்தார். பஸ் ஜம்மென்று போய் நின்றது. புதிய மோட் எல்லாருக்கும் தானாகவே போய்ச் சேர்ந்தது. நாலு பேர் வழக்கம்போல முணுமுணுக்க, இவர் கருத்துப் பக்கத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஆந்தையின் தங்கையிடமிருந்து மெயில் வந்தது. பாதி படித்ததும் இவர் திரையை என் பக்கம் திருப்பினார். மீதியை நான் படித்தேன்.

"அண்ணன் செவ்வாய்க்கிழமை போயிட்டான். பஸ் நிக்க மாட்டேங்குதுன்னு உங்க பக்கத்துல மூணு தடவை எழுதினேன். அவருக்கு வேலை இருக்கும், தொந்தரவு பண்ணாதேன்னு அவனே சொல்லிட்டான். அப்புறம் தினமும் திறப்பான், டிப்போவுல நிக்கிற பஸ்ஸைப் பார்த்துட்டு மூடச் சொல்லுவான். எடுத்தா நிறுத்த முடியாதே, யார் மேலயாவது ஏறிடுமேன்னு சொல்லுவான்."

அந்தத் துண்டைக் கூப்பிட்டது இவருடைய நிரல் அல்ல, விளையாட்டு. யாராவது பொத்தானை அழுத்திப் பிடித்தால் அது உள்ளிருந்து கூப்பிடும். விளையாட்டின் உள்பக்கம் அந்தக் கருவிக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும், மறந்துவிட்டார். நான் குப்பை என்றேன். கொட்டின வார்த்தையை அள்ள முடியுமா?

அன்றைக்கே துண்டைத் திரும்பச் சேர்த்தார். உடனே மஞ்சள் கோடு வந்தது: இதை யாரும் கூப்பிடவில்லை. இந்தத் தடவை அது சொன்னது சரி. கோடு இன்னும் அங்கேதான் இருக்கிறது. இவர் அதைத் துடைக்கவில்லை.