ஸ்பிரிட் புட்டியில் தண்ணீர்

லோகா மிஸ் இறந்த செய்தி வந்தபோது நான் தேக்கா சந்தையில் எலும்பு சூப் குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்தின் பழைய டிரைவர் முத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “காதர் பாய், நம்ம மிஸ் காலையில போயிட்டாங்க லா” என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அழுதேன், ஆனால் சூப்பை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்த அறை நினைவிருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அங்கே அவர் ஆராய்ச்சியாளர், நான் குடுவை கழுவுகிறவன். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு அவர் புரியவைத்தது இவ்வளவுதான்: எலியிலிருந்து எடுத்த புற்றுநோய் உயிரணுக்களைச் சிறு குடுவைகளில் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஆட்டவேண்டும். அவை மூச்சு விட்டால், குடுவையோடு சேர்ந்த கண்ணாடிக் குழாயில் சாயநீர் மெல்ல ஏறும். மஞ்சளின் சத்தைச் சேர்த்தால் அந்த மூச்சு குறைகிறதா என்பதுதான் கேள்வி. மழைப் பிற்பகல்களில், வரிசையாகத் தொட்டில்கள் ஆடுவதுபோல் இருக்கும். நான் நின்றபடியே கண்ணயர்வேன்.

“அணுவெல்லாம் முழிச்சிருக்கு. நீங்க ஏன் தூங்குறீங்க?”

“தாலாட்டுறது நீங்கதானே மிஸ்.”

மஞ்சளை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் விடுவார். வேலை செய்வது மஞ்சளா ஸ்பிரிட்டா என்று தெரிய, வெறும் ஸ்பிரிட் விட்ட குடுவை ஒன்றும் பக்கத்தில் ஆடும். மஞ்சள் கரைசல் முன்பே கரைத்துத் தனியாக இருந்தது; அந்த வெறும் ஸ்பிரிட் புட்டியை ஒருநாள் கவிழ்த்துவிட்டேன். ஏச்சுக்குப் பயந்து தண்ணீரை ஊற்றி வைத்தேன். மிஸ்ஸுக்கு வருடம் முழுக்க ஜலதோஷம், வாசனை தெரியவில்லை.

அந்த மாதம் மிஸ் விடும் அளவைக் கூட்டியிருந்தார்; மஞ்சள் குடுவைகளில் சாயநீர் அசையவே இல்லை. ‘ஸ்பிரிட்’ குடுவையில் ஜோராக ஏறியது. வருடக்கணக்கில் காத்திருந்த மிஸ் கட்டுரையைத் தட்டச்சு செய்து, வெளிநாட்டுக்கு அனுப்ப உறையில் போட்டு, எங்களுக்கு லட்டு கொடுத்தார். நான் லட்டை மேசையில் வைத்தேன்.

“மிஸ், அந்தப் புட்டியில இருக்கிறது தண்ணி.”

“எப்போலேர்ந்து?”

“போன மாசத்துலேர்ந்து.”

அவர் ஏசவில்லை. உறையை இழுப்பறையில் வைத்துவிட்டு, புது ஸ்பிரிட் எடுத்துவரச் சொன்னார். இருவரும் குழாயைப் பார்த்தபடி நின்றோம். வெறும் ஸ்பிரிட் விட்ட குடுவையிலும் சாயநீர் அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை விட்டு, மறுபடி பிடித்தது.

“மஞ்சள் என்ன செஞ்சுதுன்னு தெரியாது பாய். நாமதான் அதுங்களுக்குச் சாராயம் ஊத்திக் கொடுத்திருக்கோம்” என்றார். பிறகு, “இப்பவாவது சொன்னீங்களே. நாளைக்கு முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்.”

மிஸ் ஓய்வு பெற்ற நாளில் அதே புட்டியில் ‘தண்ணீர்’ என்று தம் கையால் எழுதி ஒட்டி என்னிடம் கொடுத்தார். “உடைச்சா உடனே சொல்லணும்” என்றார். அவருடையதாக நான் வைத்திருந்தது அந்தப் புட்டியும் அந்தப் பேச்சும்தான்.

இதை எழுத உட்காருமுன் மேசையைத் துடைத்தேன். புட்டி உடைந்துவிட்டது, மிஸ். இன்று காலை பத்து மணிக்கு.