அவளுடைய மறதி என்று நான் சொன்னது

என் மனைவியின் கைக்கடிகாரத்தை அவளுக்குத் தெரியாமல் மாற்றியவன் நான். அதனால் அவள் தடுமாறியபோது, "உனக்கு மறந்துபோச்சு" என்று அவளிடமே சொன்னேன். ஏறக்குறைய இரண்டு மாதம் அவள் அதை நம்பினாள். நம்பட்டும் என்று நான் இருந்தேன்.

சென்னையில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பிய ஸ்மார்ட்வாட்ச் அது. நெஞ்சுத் துடிப்பு, நடந்த தூரம் எல்லாம் காட்டும். என் மனைவி அவற்றைப் பார்த்ததே இல்லை. சர்க்கரை நோயில் அவளுக்கு விரல் நுனிகள் மரத்துவிட்டன. ஜெபமாலை உருட்டும்போது மணி நகர்வது விரலுக்குத் தெரியாது. ஒரே மணியை இரண்டு தடவை பிடித்துவிடுவாள். அதற்காக மகள் அந்தக் கடிகாரத்தில் எண்ணுவதற்கு ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் அது வரும். திரையில் எங்கே தட்டினாலும் ஒன்று கூடும். பத்து ஆனதும் மணிக்கட்டில் நீளமாக ஓர் அதிர்வு. கண்ணைத் திறக்கவே வேண்டாம். "யாரோ கையைப் பிடிச்சு, போதும்னு சொல்ற மாதிரி இருக்குங்க" என்றாள் முதல் நாள்.

திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் ஜெபமாலையை முன்னின்று சொல்கிறவள் அவள்தான். தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தெருவுக்கே டீச்சர். எங்கள் அன்பியத்தில், அதாவது தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டத்தில், முப்பது வீடு. எந்த வீட்டில் யார் எந்தத் தேதியில் இறந்தார்கள் என்பது முழுவதும் அவள் மனதில் இருந்தது. காய்கறிக் கடையில் ஒரு மருமகளை நிறுத்தி, "ஏத்தா, வர்ற வியாழன் உன் மாமனார் செத்த நாளு. பூசைக்குச் சொல்லிட்டியா?" என்பாள். மறந்திருந்த அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொள்வாள். என் மனைவிக்குத் தெருவில் இருந்த மரியாதை அந்த ஞாபகத்துக்குக் கிடைத்த மரியாதை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கடிகாரம் என் செல்போனோடு இணைக்கப்பட்டிருந்தது. கடிகார மென்பொருளின் புதிய பதிப்பு தயார் என்று போனில் ஒரு சிவப்புப் புள்ளி வாரக்கணக்கில் நின்றது. மகள் இரண்டு தடவை சொன்னாள்: "அப்பா, அதைத் தொட்டுறாதீங்க. அம்மாவுக்குப் பழகின மாதிரியே இருக்கட்டும்." மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்திய எனக்கு, தொடாதே என்று மகள் சொன்னது உறைத்தது. போன அக்டோபரில் ஒரு மதியம், மனைவி சாப்பிட்டுப் படுத்திருந்தபோது, தொட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வேறு ஒரு கடிகாரம் என் கையில் இருந்தது. எண்கள் மெலிந்து சாம்பல் நிறத்தில் தெரிந்தன. பொத்தானை அழுத்தினால் எண்ணும் திரை வரவில்லை. ஓடுகிற மனிதன், நீந்துகிற மனிதன், சைக்கிள் மிதிக்கிற மனிதன் என்று ஒரு பட்டியல் வந்தது. மேலிருந்து இழுத்தால் வருவது கீழிருந்து வந்தது. கீழிருந்து வருவது எங்கேயும் வரவில்லை. நன்றாக இருந்த ஒன்றை எதற்கு இடம் மாற்றுகிறார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஒரு வீட்டுக்குள் யாரோ புகுந்து, ஒன்றையும் திருடாமல், அடுப்படியைக் குளியலறைக்கும் குளியலறையை வாசலுக்கும் மாற்றிவைத்துவிட்டுப் போனது போல இருந்தது. கடைசியில், இடது பக்கம் மூன்று தடவை தள்ளினால் எண்ணும் திரை வருவதைக் கண்டுபிடித்தேன். ஒரு தட்டு தட்டினேன். ஒன்று என்று காட்டியது. போதும் என்று வைத்துவிட்டேன்.

எழுந்து வந்து கையில் கட்டியவள், "என்னங்க இது, எழுத்தெல்லாம் இப்படி மெலிஞ்சுபோச்சு? பொத்தானை அமுக்கினா எவனோ ஓடுறான்" என்றாள்.

"எப்பவும் இப்படித்தான இருக்கு. இடது பக்கம் மூணு தடவை தள்ளணும். முந்தியே சொல்லிக் குடுத்தேனே, மறந்துபோச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள். "சொன்னீங்களா?"

"சொன்னேன்."

இவ்வளவுதான் நான் சொன்ன பொய். மகளிடம் திட்டு வாங்கக் கூசியதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

ஜெபமாலை மாதமான அக்டோபர் முழுக்க மாதா சுரூபம், அதாவது சிலை, தினம் ஒரு வீட்டுக்குப் போகும்; மாலையில் அந்த வீட்டில் ஜெபமாலை. அன்று பூக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவின் வீடு. முன்னிற்பவர் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்க, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்ல வேண்டும். அப்படிப் பத்து தடவை. பிறகு திரித்துவப் புகழ் என்ற சின்ன ஜெபம். என் மனைவி கண்ணை மூடித் தட்டிக்கொண்டே சொன்னாள். புதிய பதிப்பில் திரை இரண்டாகப் பிரிந்திருந்தது அப்போது எனக்குத் தெரியாது; பிறகு தட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மேல்பாதியில் தட்டினால் கூடும். கீழ்ப்பாதியில் தட்டினால் குறையும். அவள் விரல் பழக்கமாக விழும் இடம் கீழ்ப்பாதி; எண் ஏறவில்லை, அதிர்வும் வரவில்லை. பத்து தாண்டியது. பதினைந்து தாண்டியது. டீச்சர் தப்பு செய்யமாட்டார் என்று யாரும் வாய் திறக்கவில்லை. பதில் சொல்லும் குரல்கள் மட்டும் மெலிந்துகொண்டே வந்தன. நான் பின்வரிசை நாற்காலியில் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்றில் பூக்கடை அம்மா சொன்னார்:

"டீச்சர், மாதாவுக்கே மூச்சு வாங்குது. பத்து எப்பவோ முடிஞ்சிருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அவள் கண் திறந்து கடிகாரத்தைப் பார்த்தாள். அதில் பூஜ்யம் இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது, "நான் தட்டினேனாங்க? நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"தட்டாமச் சும்மா உக்காந்திருப்ப" என்றேன்.

மறுநாள் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய மாலையை எடுத்தாள். பயத்தில் ஏழிலேயே நிறுத்தினாள். மூன்றாம் நாள், "எனக்குத் தொண்டை சரியில்ல, நீ சொல்லுத்தா" என்று வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டாள். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. மகளிடம் போனில் பேசும்போது, "அம்மாவுக்குக் கொஞ்சம் மறதி" என்றேன் நான். மகள் பயந்து, டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னாள்.

போனோம். டாக்டர் மூன்று சொற்களைச் சொல்லி ஞாபகம் வைக்கச் சொன்னார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். என் மனைவி பரீட்சைக்கு வந்த பிள்ளை போல நுனி நாற்காலியில் உட்கார்ந்து வரைந்தாள். எல்லாம் சரி. "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார் டாக்டர். ஆட்டோவில் வரும்போது, "ஒண்ணுமில்லைன்னா அன்னைக்கு ஏன் அப்படி ஆச்சு? ஆரம்பத்துல தெரியாது போல" என்றாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பொய் சொன்னதைவிட, அந்த ஆட்டோவில் பேசாமல் வந்ததுதான் எனக்குப் பெரிய பாவமாகப் படுகிறது.

யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று பார்த்தேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் பழுது பார்ப்பவரிடம் கடிகாரத்தைக் கொண்டுபோனேன். "பழசுக்குத் திரும்ப முடியாது சார். எல்லாரும் இதான் கேக்குறாங்க. ஏறினது ஏறினதுதான்" என்றார். கம்பெனிக்கு ஒரு பக்கத்துக்குப் புகார் எழுதினேன். நன்றி சொல்லி, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டுப் பதில் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன் கோயிலில், பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். சாமியார் ஒரே கேள்வி கேட்டார்: "டீச்சர்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

அப்போதும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, அவள் கோடு போட்ட நோட்டில் எதையோ எழுதுவதைப் பார்த்தேன். முப்பது வீடு, முப்பது வீட்டின் இறந்தவர்கள், தேதிகள். "மறந்துபோறதுக்குள்ள எழுதி வச்சிட்டா, எனக்கு அப்புறம் யாராச்சும் பாத்துக்குவாங்க" என்றாள், தலை நிமிராமல்.

நான் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புப் புள்ளியிலிருந்து ஆட்டோ வரை. அவள் பேனாவை மூடினாள். அழவில்லை.

"டாக்டர் என்னைக் கடிகாரம் வரையச் சொன்னப்ப நீங்க பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"அம்புட்டையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க."

"ஆமா."

நோட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "மகள்கிட்ட நீங்களே சொல்லுங்க. அன்பியத்துலயும் சொல்லுங்க. அவுங்களும்தான சிரிச்சாங்க" என்றாள்.

மகள் முழுவதையும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அடுத்த அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். பூக்கடை அம்மாதான் முதலில் பேசினார்: "ஏன் சார், எத்தனை பிள்ளையள முட்டி போட வச்சிருப்பீங்க? இப்ப நீங்க போடுங்க." பெண்கள் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஜெபமாலையை அவளே சொன்னாள், விரல் கணுக்களில் எண்ணி. ஒரு பத்தில் ஒன்று குறைந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை, அவளும்தான்.

அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்தேன். போன மாதம் ஒருநாள் மாடித் தொட்டி நிறைந்து தண்ணீர் தெருவுக்கு வழிந்தது.

"மோட்டார நீங்க போட்டீங்களா?" என்றாள்.

"இல்லையே, நீதான் போட்ட. போட்டுட்டு அடுப்படிக்கு வெஞ்சனம் வைக்கப் போன."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள்தான் போட்டாள்; நான் பார்த்தேன். "நீங்க சொல்றத நான் எப்படிங்க எடுத்துக்கிறது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டாள். அவள் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, மகளுக்கு போன் போட்டாள். சென்னையில் இருக்கிறவளுக்கு, திண்டுக்கல்லில் மோட்டாரை யார் போட்டார்கள் என்று என்ன தெரியும்? ஆனாலும் என் மனைவி அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.